விற்காத கன்றுகளின் விலை

ஹமீது நானா குடையை மடக்கிப் பலாமரத்தில் சாய்த்துவிட்டுக் கன்றுகளைப் பார்த்தார். பார்த்தார் என்று நான் எழுதினாலும், அவர் முகம் எதிர்மலையில் ஏறிக்கொண்டிருந்த மூடுபனியை நோக்கியே திரும்பியிருந்தது. தேர்ந்த மாட்டு வணிகர் எவரும் தாம் விரும்பும் மாட்டை நேரே நோக்குவதில்லை. காதலரும் மாட்டு வணிகரும் இவ்வொன்றில் ஒரு குலத்தவர்.

மரத்தடியில் இரண்டு காளைக்கன்றுகள் நின்றன. அவற்றுக்கு இந்தப் பக்கம் சவரியம்மாள். அந்தப் பக்கம் அவள் கணவனின் தமக்கை மரியாயி. தலைமாட்டில் நான், சாட்சி என்னும் பெயரால், மூடிய கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டா மூத்தவனே," என்று சவரியம்மாள் பெரிய கன்றின் நெற்றியைத் தடவினாள். "ஒன்னைய வாங்க நானா வந்திருக்காரு. குடுக்கலாமா வேணாமான்னு ஒன் சொந்தக்காரவுகளக் கேட்டுச் சொல்லு."

மரியாயி சிறிய கன்றின் காதருகே குனிந்தாள். "அடேய் சின்னவனே, கேக்க வேண்டியவுக வாயத் தொறந்து கேட்டா, சொல்ல வேண்டியவுக சொல்லுவாகன்னு சொல்லுடா. கன்னுகிட்ட தூது விட்டா கன்னுக்குத்தான் பதில் வரும்."

நானா மூடுபனியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே என்னிடம் கேட்டார்: "வாத்தியார், இந்த நாம்பன் ரெண்டுக்கும் பேசத் தெரியுமா? தெரியும் எண்டா நான் அதுங்களோடயே பேசி முடிச்சிட்டுப் போறேன். எனக்கு இன்னும் மூணு தோட்டம் ஏற ஈக்குது."

இளங்காளையை அப்பகுதியில் நாம்பன் என்பர். அந்த நாம்பன்கள் இரண்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்த ஐவரிலும் ஆறு உயிரிலும் அமைதியோடு இருந்தவை அவை மட்டுமே என்று எழுதத் தோன்றுகிறது. எண்ணிப் பார்த்தால் கணக்குப் பிழைக்கிறது. விட்டுவிடுகிறேன்.

வாரந்தோறும் வரும் இத்தொடரில் சென்ற கிழமை பள்ளிக்கூடத்துக் கூரை பறந்த கதையைப் படித்த அன்பர் ஒருவர், தோட்டத்தில் வாழ்ந்தவர் மாடுகளைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் எழுதவில்லை என்று கடிந்திருக்கிறார். அவருக்கு மாடு வேண்டும். தருகிறேன். ஆனால் அம்மாடுகள் தனியே வாரா. உடைமைக்காரிகளும் உடன் வருவர்.

வாரத்து மாடு

தெஹியோவிட்டவுக்கு மேலே, வண்டிப்பாதை முடிந்து கற்படிகள் தொடங்குமிடத்தில் எங்கள் றப்பர்த் தோட்டம் இருந்தது. நான் அங்கே பள்ளி ஆசிரியன். சுவாமியார் வர இயலாத ஞாயிறுகளில் செபம் சொல்லிக் கொடுப்பவனும் நானே. அந்நாளில் எனக்கு மீசை புதிது. இலக்கணம் அதனினும் புதிது. ஆகையால் இரண்டையும் அடிக்கடி முறுக்கிக்கொள்வேன்.

சவரியம்மாளும் மரியாயியும் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த அறைகளாகிய காம்பிராக்களில் குடியிருந்தார்கள். இருவரும் றப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். மரியாயி கணவனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை, கையில் சிறிது சேமிப்பு இருந்தது. அதைக்கொண்டு ஒரு பசுவை வாங்கித் தன் தம்பி மனைவியாகிய சவரியம்மாளிடம் வாரத்துக்கு விட்டாள்.

வாரம் என்பது பழைய முறை. ஒருவருடைய பசுவை மற்றொருவர் மேய்த்து வளர்ப்பார். பால் வளர்ப்பவருக்கு. ஈனும் கன்று இருவருக்கும் சரிபாதி. கன்றைப் பாதியாக வெட்ட முடியாதாகையால், விற்ற பணத்தையே பாதியாக்குவார்கள்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாரத்துக் கன்றை விற்கும் நாளில் வளர்த்தவர் உடையவரைப் பார்த்து, "குடுத்துருவமா?" என்று வாங்குபவரின் காதுகேட்கக் கேட்க வேண்டும். உடையவர், "குடுத்துருவம்" என்று மறுமொழி சொல்ல வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து கை வைத்துக் கன்றின் பழைய கயிற்றை அவிழ்ப்பார்கள். அதன் பின்னரே வாங்குபவர் தம்முடைய புதுக் கயிற்றைக் கட்டுவார். கேள்வியும் மறுமொழியும் இல்லாத வாரத்துக் கன்றை எந்த வணிகரும் தொடமாட்டார்.

ஹமீது நானா ஒருமுறை தொட்டார். அவிசாவளைப் பக்கத்தில் வளர்த்தவனுடைய சொல்லை மட்டும் நம்பி ஒரு கன்றை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் உடையவன் தன் மனைவி, மாமியார், மைத்துனர் அனைவரோடும் நானாவின் வீட்டு முற்றத்தில் வந்து அமர்ந்துகொண்டான். "சண்டைக்கு வந்தவங்களுக்கு ரெண்டு நாள் சோறு போட்டேன் வாத்தியார்," என்பார் நானா. "கன்டு போனது பரவாயில்ல. அந்த மாமியார் எங்கட வீட்டுச் சோத்துல கல்லு ஈக்குது எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போனா பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆறல."

ஆகவே அவர் கேள்வியும் மறுமொழியும் காதால் கேளாமல் குடையைக்கூட விரிக்கமாட்டார்.

அம்மிப் பிணக்கு

கேள்வி கேட்க வேண்டியவள் சவரியம்மாள். மறுமொழி சொல்ல வேண்டியவள் மரியாயி. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஓர் அம்மி. முந்திய ஆண்டுத் தபசுகாலத்தில், கிறிஸ்தவர் இறைச்சி தொடாத ஒரு வெள்ளிக்கிழமை, மரியாயி தம்பி வீட்டு அம்மியை இரவல் வாங்கிப் போனாள். பக்கத்துக் காம்பிராவில் சைவ வேளாளராகிய ஒரு குடும்பத்தார்க்கு விருந்தாளிகள் வந்திருந்தனர் என்று முதலில் கேள்விப்பட்டேன். அவர்கள் சைவர் அல்லர் என்பது பின்னர் விளங்கிற்று. விருந்துக்கு ஆட்டிறைச்சி. உதவிக்குப் போன மரியாயி மசாலையை அந்த அம்மியிலே அரைத்துக் கொடுத்தாள். அம்மி திரும்பி வந்தபோது சவரியம்மாள் அதனை முகர்ந்து பார்த்தாள்.

"சுத்தபோசன நாள்ல என் அம்மியில கறி மசாலாவா?"

"நான் அரைச்சேன். திங்கலியே!"

"அரைச்ச கைய நக்கலன்னு யாரு கண்டா?"

இத்துடன் பேச்சு நின்றது. நின்றது என்றால், ஒருவர் மற்றவரை விளித்துப் பேசுவது நின்றது. பேசவேண்டியவை எல்லாம் பசுவிடமும் கன்றுகளிடமும், சில வேளைகளில் அடுப்பிடமும் சொல்லப்பட்டன. கூட்டுச்சுவர் மெல்லியது, எதுவும் வீணாகவில்லை.

எதிரே நிற்பவரை விடுத்துப் பிறிதொன்றை விளித்து அவர் செவியில் விழச் சொல்லும் இம்முறைக்கு நம் இலக்கணிகள் முன்னிலைப் புறமொழி என்று பெயரிட்டிருக்கின்றனர். அகப்பாடல்களில் தோழி கடலையும் நாரையையும் பார்த்துப் பேசுவாள். வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவன் சுருங்கிப்போவான். லயத்தில் நாரை இல்லை. சேவல் இருந்தது.

சவரியம்மாளின் கணவன் அந்தோணி, மரியாயியின் தம்பி, றப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைவீட்டில் வேலை செய்பவன். புகையில் நின்று பழகியவனாதலால் வீட்டிலும் கண்களைப் பாதி மூடியே வைத்திருப்பான். மனைவியிடம், "அக்காகிட்ட நான் கேட்டுர்றேனே" என்றான். "அவுககிட்ட கேக்க வேண்டியது நான். நீயா மாட்ட வளத்த?" என்றாள் அவள். தமக்கையிடம் போனான். "அவ வாயால கேக்கட்டும். நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றாள் இவள். அந்தோணி புகைவீட்டுக்கே திரும்பிப் போனான். அங்கே கண் எரிந்தாலும் காது எரியாது.

சுவாமியாரிடம் ஒரு வினா

பிணக்கைத் தீர்க்கும் பொறுப்பு கற்றவன் என்ற முறையில் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் மறைநூல்களை ஆராய்ந்தேன். அம்மியைப் பற்றி எங்கும் காணவில்லை. ஆகவே மாதப் பூசைக்கு நகரத்திலிருந்து வந்த சுவாமியாரிடம் முறையாக விண்ணப்பித்தேன்.

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அரைத்தவள் உண்டாளா?" என்று கேட்டார்.

"இல்லை, சுவாமி."

"அம்மி உண்டதா?"

"இல்லை, சுவாமி."

"அப்படியென்றால் ஒருவருக்கும் பாவமில்லை. போய்ச் சொல்லும்." பின்னர்க் குரலைத் தாழ்த்தி, "அது கிடக்கட்டும், ஆசிரியரே. கன்று விலை இன்னும் ஏறுமா? குருமனையில் ஒரு பசு கன்று ஈன்றிருக்கிறது" என்றார்.

தீர்ப்பை நான் இருவரிடமும் எடுத்துரைத்தேன். பாவமில்லை என்றதும் மரியாயி வெற்றிபெற்றாள். அதனால் சவரியம்மாளுக்குச் சினம் இன்னும் மிகுந்தது. சமாதானம் செய்யப் போனவர்கள் வழக்கமாகச் செய்யும் உதவியை நானும் செய்து முடித்தேன்.

லயத்துக்குத் தெரிந்த இரகசியம்

அந்த ஓராண்டு முழுவதும் மாட்டு விலை ஏறிக்கொண்டே போயிற்று. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். றப்பர் நல்ல விலைக்குப் போவதால் வண்டிகள் பெருகிவிட்டன என்றார் ஒருவர். இந்தியக் கரையிலிருந்து கப்பலில் மாடு வருவது நோயால் தடைப்பட்டிருக்கிறது என்றார் மற்றொருவர். குருவிட்டைப் பக்கத்து மாணிக்கக்காரர்கள் கையில் காசு புரளுகிறது, அவர்கள் ஆளுக்கொரு வண்டி வாங்குகிறார்கள் என்பது மூன்றாமவரின் துணிபு.

அந்த இரண்டு கன்றுகளுக்கும் ஓர் ஈற்றுதான் இடைவெளி. ஆனால் இளையது ஊக்கமாக வளர்ந்து மூத்ததை எட்டிப் பிடித்துவிட்டது. நிறமும் ஒன்று, நெற்றிச் சுழியும் ஒன்று. வண்டிக்குப் பூட்டத்தக்க இணை. தனித்தனியே விற்றால் ஒரு விலை. இணையாக விற்றால் அதனினும் மிகப் பெரிய விலை.

நானா மாதந்தோறும் வந்தார். ஒவ்வொரு முறையும் விலையை ஏற்றிச் சொன்னார். ஒவ்வொரு முறையும் இரண்டு பெண்களும் கன்றுகளோடு பேசினார்கள். நானா வெறுங்கையோடு இறங்கிப் போனார்.

இதனைக் காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றபடி இராமசாமிக் கங்காணி கவனித்து வந்தார். தோட்டத்தில் மிகுந்த மாடுகளை உடையவர் அவரே. மூக்கின்மேல் விரலை வைத்துச் சிந்திப்பார். அவர் சிந்திக்கும்போது அருகிலிருப்போர் பேச்சை நிறுத்திவிடுவர்.

"வாத்தியாரய்யா, பாத்தீங்களா? மறுபடியும் விக்கல!"

"விற்கவில்லை," என்றேன்.

"நானாவே வாயப் பொளக்குற வெலை. அப்பவும் விக்கல. ஏன்? சவரியம்மாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. கிராமத்துல என்ன பேசிக்கிறாங்கன்னு அவளுக்குத் தெரியும். வெலை இன்னும் ஏறும்னு எவனோ சொல்லியிருக்கான்."

"அவர்கள் இருவருக்கும் பேச்சில்லை, கங்காணி. அதனால்தான்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது வெளியில போடுற வேசங்க. ரெண்டு பொம்பளைங்க ஒரு வருசமா ஒரு அம்மிக்காகப் பேசாம இருப்பாங்களா? நீங்க படிச்சவுங்க, ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது."

கங்காணி தம் கன்றுகளை விற்காமல் நிறுத்தினார். கங்காணி நிறுத்தியதைக் கண்டு லயத்தார் நிறுத்தினர். சவரியம்மாள் கயிற்றை மாற்றினால் விலை உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதுவரையில் எவரும் அசையலாகாது என்பது எழுதப்படாத விதியாயிற்று. கன்றுகள் தொழுவத்தில் நெருங்கின. துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் ஒன்று புகுந்து, ஏதோ ஒரு சீமைச் செடியை வேரோடு தின்றுவிட்டு, நோயில்லாமலும் இருந்தது.

என்னிடமும் ஒரு கன்று இருந்தது. மாணவன் ஒருவனின் தந்தை அன்பினால் கொடுத்தது. நானும் விற்கவில்லை. வீட்டாருக்கு வெளியே உண்மைக் காரணம் அறிந்தவன் நான் ஒருவனே. ஆயினும் ஊரெல்லாம் பொறுத்திருக்கும்போது தனியே விற்க மனம் துணியவில்லை.

அப்பக்கடை

விற்காமலிருப்பதற்கு அவ்விருவரில் ஒருத்திக்கும் விருப்பமில்லை. அதுதான் இதில் நகைப்புக்குரியதும், நகைக்க முடியாததும்.

சவரியம்மாள் சில காலத்துக்கு முன்பு றப்பர்ப் பால் வாளியோடு கற்படிகளில் சறுக்கி விழுந்தவள். அன்று முதல் இடுப்பில் ஒரு வலி. ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவாள். இறக்கத்தில் பக்கவாட்டில் நண்டைப்போல் இறங்குவாள். மழைக்காலத்தில் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளுக்குப் "பேர்" விழாது, அதாவது கூலி இல்லை. வெயில் வரும் நாளிலோ வழுக்குப் படிகள்.

ஆனால் அவள் அப்பம் சுட்டால், ஞாயிறு செபத்தின் இறுதி ஆமென் இரண்டு மடங்கு விரைவாக வரும். ஓரம் முறுகி நடுவில் பஞ்சாயிருக்கும் அவ்வப்பத்தைப் பற்றி ஒரு தனி அதிகாரம் எழுதலாம், இதழாசிரியர் வெட்டிவிடுவார்.

தெஹியோவிட்டச் சந்தியில் சாலையை ஒட்டி ஒரு சிறு கடை அறை காலியாக இருந்தது. அதன் உடைமைக்காரியான சிங்களப் பெண்மணியைச் சவரியம்மாள் போய்ப் பார்த்தாள். முன்பணம் கொடுத்தால் அறை அவளுக்கு. "வெசக் வெனகம் விதரய்," என்றாளாம் அந்த நோனா: வெசாக் பண்டிகை வரைக்கும் மட்டுந்தான் காத்திருப்பேன். அதற்குள் வராவிட்டால் சவர்க்காரக்கடை, அதாவது சோப்புக்கடை, வைக்க ஒருவன் ஆயத்தமாக நின்றான்.

இதனை அவள் என்னிடமும் அந்தோணியிடமும் மட்டுமே சொன்னாள். மரியாயிக்குத் தெரியக்கூடாது என்று இருவரிடமும் ஆணை வாங்கிக்கொண்டாள். "தெரிஞ்சா, எனக்குத் தேவைன்னு எறங்கி வந்தேன்னு நெனைப்பாக," என்றாள். மரியாயியோ, தம்பி மனைவி பேராசையால் விலையேற்றத்துக்குக் காத்திருக்கிறாள் என்றே நம்பியிருந்தாள்.

மீண்டும் பலாமரத்தடி

நானா குடையை மடக்கிச் சாய்த்து வைத்த அந்த நாள் வெசாக்குக்கு முந்திய கிழமையில் வந்தது. சந்தியில் மூங்கிற் சட்டத்தில் வெசாக் விளக்குக்கூடுகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கன்றுகளோடு இரு பெண்களும் பேசி முடித்ததும் நானா பெருமூச்சு விட்டார்.

"வாத்தியார், இதுதான் கடைசி வெலை. நான் நாளைக்கு கேகாலைப் பக்கம் போறேன். இனி இந்த மலை ஏற எனக்கு ஏலா." விலையைச் சொன்னார். அதற்குமேல் அந்தக் கன்றுகளுக்கு ஒருவரும் கொடுத்திருக்கமாட்டார்கள்.

சவரியம்மாள் வாயைத் திறந்தாள். மூடினாள். மரியாயி கன்றின் முதுகிலிருந்த உண்ணியைத் தேடத் தொடங்கினாள்.

நானா குடையை எடுத்துக்கொண்டு இறங்கலானார்.

சவரியம்மாள் அவர் பின்னால் இரண்டடி வைத்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. பலாமரத்து வேரில் சட்டென்று அமர்ந்துவிட்டாள். அவள் அழுது நான் கண்டதில்லை, அன்றும் அழவில்லை. கன்றின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மூத்தவனே, வெசாக்குக்குள்ள கடைய எடுக்கலன்னா இந்த இடுப்போட நான் இன்னொரு மழைக்கு மலையேறணும்டா. என்னால முடியாதுடா. இத மட்டும் யாருகிட்டயும் சொல்லிராத."

உண்ணி தேடிய கை நின்றது.

"எந்தக் கடை?"

மரியாயி கேட்டாள். கன்றைப் பார்த்துக் கேட்கவில்லை. கன்றின் முதுகுக்கு மேலாக எட்டி, நேரே சவரியம்மாளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சொல்லுடி. எந்தக் கடை?"

"சந்தியில... நோனாவோட காம்பிரா, மதினி. அப்பக்கடை போடலாம்னு."

"இத எங்கிட்ட சொல்ல ஒனக்கு வாய் இல்லியா?"

"வாய் இருந்துச்சு மதினி. கேக்கத்தான் ஆளு இல்ல."

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டு அடுப்பு முன்னால குந்துவியா நீ? மாவு யாரு இடிப்பா? தேங்கா யாரு துருவுவா? அந்தோணியா? அவன் தேங்காயத் துருவுனா செரட்டையும் சேந்து வரும்!"

"அதான் மதினி நானும் யோசிச்சேன்..."

"என்னத்த யோசிச்ச? ஒரு வருசமா மாட்டுகிட்ட பேசிக்கிட்டு..."

ஓராண்டாகத் தேங்கியிருந்த பேச்சு அணையுடைத்தது. அம்மி வந்தது, இடுப்புக்கு ஏற்ற எண்ணெய் வந்தது, அந்தோணியின் சிறுவயதுக் குறும்புகள் வந்தன, அடுப்பு எந்தப் பக்கம் இருந்தால் புகை சாலைக்குப் போகும் என்பது வந்தது. விற்பனை மட்டும் வரவில்லை. நானாவின் குடை பாதை வளைவில் சிறிதாகிக்கொண்டிருந்தது.

வகுப்பறையில்கூட நான் குரலை உயர்த்தியதில்லை. அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானா! ஓ, நானா!" என்று கூவியபடி கற்படிகளில் ஓடினேன். என் மாணவர் சிலர் அதனைக் கண்டனர். அதன்பின் பல கிழமைகள் என் வகுப்பில் ஒழுங்கு சற்றுக் குறைந்தது.

நானா திரும்பி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "என்ன, குடுக்கிறீங்களா?"

"சும்மா நில்லுங்க நானா," என்றாள் மரியாயி. "பேசிக்கிட்டிருக்கோம்ல?"

நானா என்னைப் பார்த்தார். "இவ்வளவு காலமும் பேச ஏலாம இருந்தாங்க. இப்ப நிப்பாட்ட ஏலாம ஈக்குது."

ஒருவாறு நின்றது. சவரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முறைப்படி கேட்டாள்: "குடுத்துருவமா மதினி?"

"குடுத்துருவம்டி."

நான்கு கைகள் சேர்ந்து பழைய கயிறுகளை அவிழ்த்தன. புதுக் கயிற்றில் கன்றுகள் இறங்கிப் போகும்போது மரியாயி மட்டும், "கொஞ்சம் பொறுத்தா இன்னும் ஏறியிருக்குமோ?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்கு உரிமை உண்டு.

மறுநாள் ஊர்வலம்

மறுநாள் விடியலில் பிரட்டு கலையுமுன்பே தோட்டம் முழுவதும் செய்தி பரவிவிட்டது.

"வித்துட்டாளுக!" என்று இராமசாமிக் கங்காணி நெஞ்சில் கை வைத்தார். "ஒரு வருசமா விக்காதவளுக நேத்து வித்துட்டாளுகன்னா காரணம் இல்லாமலா? வெலை எறங்கப்போகுது. ஓட்டுங்கடா!"

ஓட்டினார்கள். அன்று சந்தியை நோக்கி இறங்கிய கன்றுகளை வெசாக் கூடு கட்டியவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கேகாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நானாவைச் சுற்றி எத்திக்கிலும் கன்றுகள். நானா முதலில் திகைத்தார். பிறகு புன்னகைத்தார். பிறகு மூடுபனியைப் பார்க்கத் தொடங்கினார். ஓராண்டாக ஏறிய விலை மதியத்துக்குள் இறங்கிவிட்டது. கங்காணி சொன்னபடியே நடந்ததால் அவருடைய புகழ் வளர்ந்தது; பணப்பைதான் வளரவில்லை.

அவ்வூர்வலத்தின் கடைசியில் மூடிய கோட்டு அணிந்த ஒருவரும் ஒரு கன்றை இழுத்துக்கொண்டு போனார். உண்மைக் காரணத்தை நேரில் கண்டு கேட்டவர் அவர். ஆயினும் போனார். அவர் பெயரை வெளியிடுவது இத்தொடருக்கு அழகன்று.

பேசினால் விற்க, பேசாவிடில் வைக்க

அறை கிடைத்தது. கடை நடந்தது. சவரியம்மாள் மணை போட்டு அமர்ந்து அப்பம் சுட்டாள். மரியாயி பால்வெட்டை விட்டுவிட்டு மாவையும் தேங்காயையும் எடுத்துக்கொண்டாள். அவிசாவளைக்குப் போகும் வண்டிக்காரர்கள் அங்கே மாட்டை அவிழ்த்து ஓய்வளிக்கும் வழக்கத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள்.

தோட்டத்தார் அப்பத்துக்கும் வந்தார்கள்; அறிவுரைக்கும் வந்தார்கள். மாட்டுச் சந்தையின் போக்கை முன்னறிந்த இரு பெண்கள் அக்கடையில் இருக்கிறார்கள் என்பது அசையாத நம்பிக்கையாகிவிட்டது. இராமசாமிக் கங்காணி ஒருநாள் அப்பத்தைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "அக்கா, உண்மையச் சொல்லுங்க. விக்கிற நாளு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"அதெல்லாம் சொல்லித் தர்ற விசயம் இல்லீங்க கங்காணி," என்றாள் மரியாயி. "சம்பல் வேணுமா?"

கங்காணி மூக்கின்மேல் விரலை வைத்துச் சிந்தித்தார். அவர் அறிவாளி. முடிவில் ஒரு விதியைத் தாமே கண்டறிந்து பிரட்டுக்களத்தில் அறிவித்தார். அந்த இரு பெண்களும் பேசாமலிருந்தால் விலை ஏறும். கன்றை வைத்திருக்க வேண்டும். பேசிக்கொண்டால் விலை இறங்கும். உடனே விற்றுவிட வேண்டும். அது முதல் காலையில் ஒருவரேனும் கடைக்கு வந்து, தேநீர் குடிப்பதுபோல் இருந்து, இருவரும் பேசுகிறார்களா என்று பார்த்துப் போவது வழக்கமாயிற்று.

அவர்களோ எந்நேரமும் பேசினார்கள். கன்றுகள் ஒழுங்காக விற்பனையாயின.

பசு மீண்டும் ஈன்று, அக்கன்றும் வளர்ந்து நாம்பனாயிற்று. ஒருநாட் காலை நான் கடைக்குள் நுழைந்தபோது உள்ளே ஒலியில்லை. சவரியம்மாள் அப்பச்சட்டியைப் பார்த்தபடி இருந்தாள். மரியாயி அவளுக்கு முதுகைக் காட்டியவாறு தேங்காய் துருவினாள். வாசற்பலகையில் கங்காணியின் ஆள் ஒருவன் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். இருவரும் பேசாததைப் பார்த்துவிட்டு அவன் விரைந்து எழுந்து போனான்.

இன்னோர் அம்மியா? இன்னோர் ஆண்டா? சுவாமியாரிடம் மீண்டும் போகவேண்டுமா? அருகில் சென்று மெல்லக் கேட்டேன்: "என்ன, சவரியம்மா? மறுபடியும் சண்டையா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"சத்தம் போடாதீங்க வாத்தியாரய்யா. நாளைக்கு நானா வர்றாரு. நாங்க பேசாம இருந்தா லயத்துல ஒருத்தரும் கன்ன வெளியில எடுக்க மாட்டாங்க. எங்க கன்னு மட்டும்தான் நிக்கும்."

மரியாயியின் முதுகு குலுங்கிற்று. தேங்காய் துருவும் குலுக்கம் என்றே முதலில் நினைத்தேன். துருவலகோ அப்போது ஓய்ந்திருந்தது.

சவரியம்மாள் அப்பத்தை என் இலையில் சரித்துவிட்டு, இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அப்புறமா நீங்க வாங்குன கன்னும் வளந்திருச்சுல்ல? நாளைக்குக் காலையில எங்க கன்னோட சேத்து ஓட்டிட்டு வாங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, இக்கிழமை வரையில்.